‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியும் இசையும்

கேள்வி: ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில், குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாமென்று அவர் முதலில் எண்ணியிருந்தது உண்மையா?

மறுமொழி 1: உண்மைதான், ஐயா. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி எழுதிப் போட்டுக் காட்டிய பின்னரே அவர் மனம் மாறினார். படம் முழுவதற்கும் தந்தி வாத்தியங்கள் மட்டுமே. அந்தக் காட்சியில் வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தில் கீச்சிட்டு நுழைய, ஒலி படிப்படியாகச் தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியங்களான செல்லோவுக்கும் டபுள் பாஸுக்கும் இறங்குகிறது.

மறுமொழி 2: என்னைக் கேட்டால், குளியலறையில் கொல்லப்படும் மேரியன் அதற்கு முன் மழையில் கார் ஓட்டும் காட்சியே இன்னும் நுட்பமானது. கண்ணாடியில் துடைப்பான்கள் ஓடுகின்றன, பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் 40,000 டாலரைத் திருடி வந்தவளின் பதற்றத்தை அந்த வாத்தியங்களே சுமந்து செல்கின்றன.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. இன்றிரவு குளியலறைக் காட்சியை ஒலியின்றி ஒருமுறையும் ஒலியுடன் ஒருமுறையும் பார்க்கிறேன்.