ஐந்து ஸ்பீக்கர்கள் இருந்தும் ப்ளூ-ரே படங்களுக்கு இரண்டில் மட்டுமே ஒலி வருகிறது: இணைப்பில் எங்கே தவறு?

கம்பிச்சிக்கல் (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு 4கே தொலைக்காட்சியும், ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டரும் இருக்கின்றன. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் சற்றுப் பழையது. பின்புறத்தில் மூன்று எச்டிஎம்ஐ உள்ளீடுகளும், ஏஆர்சி (தொலைக்காட்சியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திரும்ப அனுப்பும் வசதி) என்று அச்சிட்ட ஒரு வெளியீடும் உள்ளன. அண்மையில் வாங்கிய 4கே ப்ளூ-ரே பிளேயரையும் செட்டாப் பாக்ஸையும் நேரடியாகத் தொலைக்காட்சியில் செருகிவிட்டு, தொலைக்காட்சியின் ஏஆர்சி துளையிலிருந்து ரிசீவருக்கு ஒரே ஒரு கேபிளைக் கொடுத்திருக்கிறேன்.

தொலைக்காட்சியிலேயே உள்ள செயலிகளில் படம் பார்த்தால் ஐந்து ஸ்பீக்கர்களிலும் ஒலி வருகிறது. ஆனால் ப்ளூ-ரே வட்டைப் போட்டால் முன்னால் உள்ள இரண்டு மட்டுமே பேசுகின்றன. ரிசீவரின் முகப்பில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று காட்டுகிறது. செட்டாப் பாக்ஸில் சேனல் பார்க்கும்போது வேறொரு தொல்லை: செய்தி வாசிப்பவரின் உதடு அசைந்த பிறகுதான் குரல் வருகிறது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், ரிசீவரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், சோதனை ஒலியையும் ஓட்டிப் பார்த்தேன். சோதனை ஒலி எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒழுங்காகக் கேட்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

ஒலிவிரும்பி:

நீங்கள் செய்த சோதனைகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. சோதனை ஒலி எல்லாவற்றிலும் கேட்பதால் ஸ்பீக்கர்களிலோ அவற்றின் வயர்களிலோ பழுதில்லை. செயலிகளின் ஒலி ஐந்திலும் வருவதால் ஏஆர்சி இணைப்பும் சரியாகவே இருக்கிறது. எஞ்சுவது ஒன்றுதான்: பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்குள் போகும் ஒலி, அங்கிருந்து வெளியேறும்போது இரண்டு சேனல்களாகச் சுருங்கிவிடுகிறது. பல தொலைக்காட்சிகள் தம்முடைய செயலிகளின் ஒலியை முழுமையாக அனுப்பினாலும், வெளியிலிருந்து செருகிய கருவிகளின் ஒலியை இரண்டு சேனல்களாக்கித்தான் அனுப்புகின்றன.

முதலில் தொலைக்காட்சியின் ஒலி அமைப்புகளில் 'டிஜிட்டல் ஒலி வெளியீடு' பிசிஎம் என்று இருந்தால் அதை ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ (வந்த ஒலியை மாற்றாமல் கடத்திவிடுவது) என்று மாற்றுங்கள். பிளேயரின் அமைப்புகளிலும் பிசிஎம்மை விட்டுவிட்டு பிட்ஸ்ட்ரீம் (வட்டில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். நம் காது சொல்வதைவிட அந்தச் சிறிய எழுத்துகள் சொல்வதை நம்பலாம். எந்த வடிவத்தில் ஒலி வந்து சேர்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டிவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த ஏஆர்சி, டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய 5.1 (ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர்) ஒலியைத்தான் கொண்டுபோகும். வட்டுகளில் உள்ள ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவை இழப்பில்லாத வடிவங்கள், அதாவது மூல ஒலியில் எதுவும் குறையாதவை. அவை அந்த வழியில் போக மாட்டா. 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த ஈஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) அவற்றைச் சுமக்கும், ஆனால் தொலைக்காட்சி, ரிசீவர் இரண்டிலுமே அது இருக்க வேண்டும்.

வழிப்போக்கர்:

நல்ல விலையுள்ள, தங்கமுலாம் பூசிய கேபிள் வாங்கிப் பாருங்கள். எனக்கு ஒலி தெளிவாகிவிட்டது.

ஒலிவிரும்பி:

மன்னிக்கவும், இந்தச் சிக்கலுக்கும் கேபிளுக்கும் தொடர்பில்லை. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் தகவல்; கேபிள் போதாவிட்டால் திரையில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு மறையும், ஒலி அறுந்து அறுந்து வரும். ஐந்து சேனல்கள் இரண்டாகக் குறைவதற்கு மலிவான கேபிள் காரணமாக முடியாது.

கம்பிச்சிக்கல்:

தாங்கள் சொன்னபடி செய்தேன். தொலைக்காட்சியில் ஏற்கெனவே ஆட்டோ என்றுதான் இருந்தது. அதைப் பாஸ்-த்ரூ ஆக்கினேன். பிளேயரைப் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றியதும் ஒரு வட்டில் 'டால்பி டிஜிட்டல்' என்று முகப்பில் தெரிந்து, பின்னால் உள்ள ஸ்பீக்கர்களும் விழித்துக்கொண்டன. மகிழ்ச்சி அடுத்த வட்டு வரைதான் நீடித்தது; டிடிஎஸ் ஒலி உள்ள அந்த வட்டில் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

பிறகு பிளேயரைத் தொலைக்காட்சியிலிருந்து பிடுங்கி ரிசீவரின் உள்ளீட்டில் செருகினேன். இப்போது டிடிஎஸ் ஒலி ஐந்திலும் அருமையாக வருகிறது. ஆனால் படம் 4கே-இலிருந்து 1080-க்கு இறங்கிவிட்டது, எச்டிஆரும் (படத்தின் ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) போய்விட்டது. ஒலி வந்தால் படம் போகிறது, படம் வந்தால் ஒலி போகிறது.

பழைய ரிசீவர்க்காரர்:

இந்தப் பாதையில் நானும் நடந்திருப்பதால் சொல்கிறேன். இரண்டுமே தனித்தனிக் காரணங்கள்.

டிடிஎஸ் வட்டில் ஒலி வராததற்குக் காரணம் தொலைக்காட்சி. ஏஆர்சியின் விதிகள் டிடிஎஸ்ஸைத் தடுப்பதில்லை. ஆனால் சில தொலைக்காட்சிகள் அந்த வடிவத்தையே ஏற்பதில்லை, தமக்குப் புரியாததைக் கடத்திவிடவும் மறுக்கின்றன. அதை எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது.

படம் இறங்கியதற்குக் காரணம் ரிசீவர். 4கே வட்டுகளின் படம் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புக் காவலோடுதான் வெளியே வரும். வழியில் நிற்கும் ஒரே ஒரு கருவிக்கு அது தெரியாவிட்டாலும், பிளேயர் 1080-க்கு இறங்கிவிடும். உங்கள் ரிசீவர் அந்தக் காவல் வருவதற்கு முந்தையது என்று தோன்றுகிறது. ஒலிக்கு அதில் ஒரு குறையும் இல்லை, அதனால் அதைத் தூக்கிப்போட வேண்டாம்.

படமும் ஒலியும் ஒரே கேபிளில்தான் போக வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. பிளேயரின் பின்புறத்தை ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். சில 4கே பிளேயர்களில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகள் இருக்கும். இரண்டாவது ஒலிக்கு மட்டும். முதலாவதைத் தொலைக்காட்சிக்கும் இரண்டாவதை ரிசீவரின் உள்ளீட்டுக்கும் கொடுத்துவிட்டு, பிளேயரின் அமைப்புகளில் வெளியீட்டைத் 'தனித்தனி' என்று மாற்றினால், படம் 4கே ஆகவும் ஒலி இழப்பில்லாமலும் போய்ச் சேரும்.

இரண்டாவது வெளியீடு இல்லையென்றால் ஆப்டிகல் (ஒளி வழியே ஒலியை மட்டும் அனுப்பும் வெளியீடு) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இழப்பில்லாத வடிவம் போகாது. ஆனால் டிடிஎஸ்-எச்டிக்குள்ளேயே சாதாரண டிடிஎஸ் ஒரு கருவாக அடங்கியிருக்கிறது, ப்ளூ-ரே வட்டில் ட்ரூஎச்டியோடு டால்பி டிஜிட்டலும் சேர்ந்தே வருகிறது. பிளேயர் அதை எடுத்து அனுப்பிவிடும். உண்மையைச் சொன்னால், என் கூடத்தில் என் காதுக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆப்டிகல் கேபிளின் முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமல் அழுத்தி அரை மணி நேரம் போராடியவன் நான்.

செட்டாப் பாக்ஸ் விஷயம்: குரல் பிந்தி வருகிறது என்கிறீர்கள். ரிசீவரில் உள்ள 'ஆடியோ டிலே' உங்களுக்கு உதவாது, ஏனென்றால் அது ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். பிந்தியதை முன்னால் இழுத்துவர அதனால் இயலாது. அது 0 மில்லிசெகண்டில் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, பெட்டியை ரிசீவரில் செருகிவிடுங்கள். அப்போது ஒலி தொலைக்காட்சிக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. மாறாகக் குரல் முந்தத் தொடங்கினால், அந்த டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கம்பிச்சிக்கல்:

இரண்டாவது வெளியீடு இருந்தது! ஒரு ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருந்தது. இத்தனை நாள் அதை வேறு ஏதோ துளை என்று நினைத்துக் கைவைக்கவே இல்லை. தாங்கள் சொன்னபடி இணைத்ததும் படம் 4கே எச்டிஆரில் வந்தது, டிடிஎஸ் வட்டிலும் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒலித்தன. செட்டாப் பாக்ஸ் ரிசீவருக்கு மாறியதும் குரல் கடுகளவு முந்தியது. டிலேயை 40 மில்லிசெகண்டுக்கு ஏற்றியவுடன் உதடும் குரலும் ஒன்றாகிவிட்டன.

இன்னும் இரண்டு ஐயங்கள். வட்டைப் போட்டவுடன் ரிசீவர் தானாகவே 'டிவி' உள்ளீட்டுக்குத் தாவிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. முகப்பிலும் 'டிடிஎஸ்' என்று மட்டுமே வருகிறது, 'டிடிஎஸ்-எச்டி' என்று வரவில்லை.

பழைய ரிசீவர்க்காரர்:

தாவுவது சிஇசி (எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) செய்யும் வேலை. ஒரு கருவி விழித்தால் மற்றவற்றையும் எழுப்பி, தனக்குத் தோன்றும் உள்ளீட்டுக்கு மாற்றிவிடும். தொலைக்காட்சியிலும் ரிசீவரிலும் அதை அணைத்துவிடாதீர்கள், பல மாடல்களில் ஏஆர்சியும் கூடவே நின்றுவிடும். பிளேயரில் மட்டும் அணைத்துப் பாருங்கள்.

இரண்டாவதற்கு, பிளேயரின் ஒலி அமைப்புகளில் 'இரண்டாம் நிலை ஒலி' என்றோ 'கலப்பு ஒலி' என்றோ ஒன்று இருக்கும். மெனுவின் கிளிக் சத்தத்தையும் இயக்குநரின் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அது இயங்கும்வரை பிளேயர் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். அதை அணையுங்கள்.

கம்பிச்சிக்கல்:

அணைத்தேன். மெனுவில் கிளிக் சத்தம் நின்றது. முகப்பில் 'டிடிஎஸ்-எச்டி மாஸ்டர்' என்று எழுத்துகள் ஓடுகின்றன. ரிசீவரும் இப்போது தாவுவதில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.