சரிவு நிலத்தில் வீடு: மண்ணை வெட்டுவதா, வீட்டைத் தூணில் தூக்குவதா?

மேட்டுவீடு:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா பக்கம் அப்பா வாங்கிய பழைய ஒற்றைமாடி வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். வாசலிலிருந்து பின்வேலிக்குள் தரை 4 மீட்டர் இறங்குகிறது, பின்பாதி முழுக்க மரம், ரெண்டு தெம்புசு, ஒரு பெரிய அல்பீசியா, மற்றதற்குப் பெயர் தெரியாது. மண்ணை வெட்டிச் சமமாக்கித் தடுப்புச் சுவர் எழுப்பிவிடலாம் என்று கட்டடக் குத்தகையாளர் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தெம்புசு பூத்தால் சாயங்காலம் வீடெல்லாம் மணக்கும், அம்மா சன்னலை மூட விடமாட்டார். மரத்தையும் வைத்துக்கொண்டு, ஏர்கானையும் குறைத்து, இந்தக் காலத்து வீடாகக் கட்ட வழி உண்டா?

செம்மண்:
வெட்டாதீர்கள் அண்ணே. நான் அடித்தள வேலையில் இருப்பவன். புக்கிட் தீமாவில் அடியில் கருங்கல், மேலே அது மக்கி உண்டான மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், நன்றாக நனைந்தால் பிடி போய்விடும். 2006 டிசம்பர் 19 அன்று ஒரே நாளில் 366 மி.மீ. கொட்டியது, அந்த மாதிரி மழைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். முதலில் சர்வேயரை விட்டுத் தரைமட்டத்தையும் ஒவ்வொரு மரத்தையும் படத்தில் குறியுங்கள், அப்புறம் மண் பரிசோதனை, அதற்கப்புறம்தான் வீட்டுப் படம். சின்ன இயந்திரத்தில் மெல்லிய பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) இறக்கி வீட்டைத் தூணில் நிறுத்தினால் தரையை அப்படியே விட்டுவிடலாம், வேர் குறுக்கே வந்தால் தூணை ஓரடி தள்ளி வைக்கலாம். மேட்டுப்பக்கம் ஒரு கால்வாய் வெட்டி மழைநீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடுங்கள், இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேம்பு அக்கா:
தம்பி, எங்கள் வீட்டில் வெட்டித்தான் கட்டினோம். ஆறாவது வருஷம் மழை விட்ட ஒரு காலையில் பார்த்தேன், தடுப்புச் சுவரில் இருந்த பதினொரு வடிகுழாயில் ஒன்றில் மட்டும் செந்தண்ணீர் வடிகிறது, மற்றதெல்லாம் உலர்ந்து கிடக்கிறது. கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே களிமண் அடைத்திருந்தது. அத்தனை தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நின்று தள்ளியதில் நடுவில் சுவர் வயிறு தள்ளிவிட்டது. சுவருக்குப் பின்னால் சரளைக்கல்லும் வடிகட்டித் துணியும் போடவே இல்லை என்பது உடைத்தபோதுதான் தெரிந்தது.

அல்பீசியா வேகமாக வளரும், ஆனால் கிளை லேசில் முறியும், சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று அடிக்கிற விடியற்காலையில் அதன் கீழே யாரும் படுக்கக்கூடாது. மர நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரமாக இருந்தால் சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட எந்த மரத்தையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

தாழ்வாரம்:
ஏர்கானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 1 பாகைதான் வடக்கே, வெயில் காலையில் கிழக்குச் சுவரையும் மாலையில் மேற்குச் சுவரையும் நேராக அடிக்கும். அதனால் வீட்டை நீளவாக்கில் கிழக்கு மேற்காகப் போட்டு, அந்த இரு குறுகிய பக்கமும் குளியலறை, படிக்கட்டு, அலமாரி என்று வையுங்கள். ஆங்கிலேயர் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களாக்களையும் கம்பத்து (மலாய் கிராமத்து) வீடுகளையும் பாருங்கள், தரையைவிட்டுத் தூக்கி, அகல இறவாரம் விட்டு, அடியிலும் காற்று ஓட விட்டிருப்பார்கள். சூரியத் தகட்டை மர நிழலில் போட்டுப் பயனில்லை, தெருப்பக்கக் கூரையில் போடுங்கள். கூரை மழைக்கால்வாயில் இலை அடைத்தால் ஏடிஸ் கொசு வரும், இறவாரத்துத் தண்ணீர் நேரே கீழே சரளையில் விழட்டும்.

மேட்டுவீடு:
ரொம்ப நன்றி. வேம்பு அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இப்போதிருக்கிற சின்னச் சுவரைப் போய்ப் பார்த்தேன், நாலு குழாயில் மூன்றில் பாசிகூட இல்லை. சர்வேயருக்குச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வருகிறார். அல்பீசியா ஒரு பக்கம் இருக்கட்டும், தெம்புசுவிலிருந்து தூண் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், செம்மண் தம்பி?

செம்மண்:
மர நிபுணர் வேர் எல்லையைக் குறித்துக் கொடுப்பார் அண்ணே, அதற்குள் பைல் வேண்டாம். வேலை தொடங்கும் முன்னே அந்த எல்லையில் வேலி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் மூட்டையை அங்கேதான் அடுக்குவார்கள்.