பி.ஆர்க் கடைசி செமஸ்டர்: ஒரே வாரத்துல ஆறு சர்குலர், எதை முதல்ல முடிக்கணும்?

பட்டர்பேப்பர்_பொண்ணு:

சீனியர்ஸ் யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ், சென்னை, பி.ஆர்க் (ஆர்க்கிடெக்சர்) பத்தாவது செமஸ்டர். தீசிஸ் வைவா முடிஞ்ச மறுநாள்ல இருந்து டிபார்ட்மெண்ட் குரூப்ல சர்குலர் மேல சர்குலரா வந்துட்டு இருக்கு. ஸ்டூடியோவை 30ஆம் தேதி சாயங்காலம் 4 மணிக்குள்ள காலி பண்ணணும், அதுக்கு மேல இருக்கிற மாடல், ஷீட், போர்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்களாம். ஜூரில (டிசைனைப் பாத்து மார்க் போடுற குழு) சொன்ன கரெக்‌ஷன் எல்லாம் முடிச்சு கைடு கையெழுத்தோட ரிப்போர்ட் ஹார்ட் பவுண்ட் குடுக்கணும். நோ டியூஸ் ஃபார்ம் (பாக்கி எதுவும் இல்லன்னு ஒவ்வொரு இடத்துலயும் கையெழுத்து வாங்குறது) தனி. சர்ட்டிஃபிகேட்ல வர்ற பேரை ஆபீஸ்ல போய் சரிபாத்து கையெழுத்து போடணும். இயர் எண்ட் எக்ஸிபிஷனுக்கு பேனல் குடுக்கணும். காலேஜ் மெயில் ஐடி ஜூன் மாசத்தோட க்ளோஸ். எல்லாத்துக்கும் கீழ ஒரே வரி, தவறினால் நிர்வாகம் பொறுப்பல்லன்னு.

எனக்கு ஊர் தென்காசி பக்கம், ஹாஸ்டலையும் அதே வாரம் காலி பண்ணணும். தீசிஸ் மாடல் நாலடிக்கு மூணடி, எம்டிஎஃப் (மரநார் பலகை) பேஸ். கடையநல்லூர் பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்களுக்கு வேலை செய்ற ஷெட்டும் கூடவே பிள்ளைங்களை விட்டுட்டு வர ஒரு இடமும்னு பண்ணது, 1:100 அளவுல (நிஜத்துல ஒரு மீட்டர், மாடல்ல ஒரு சென்டிமீட்டர்), கூரையை தனியா தூக்கிப் பாக்கலாம். அதை எப்படி ஊருக்கு கொண்டு போறதுன்னு தெரியல. அப்பா ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு அங்கேயே விட்டுட்டு வாம்மாங்கிறார். எனக்கு மனசு வரவே இல்ல.

நார்த்லைட்_கோவை:

தங்கச்சி, முதல்ல அந்த ஆறு சர்குலரையும் தேதி வரிசைல பாக்காத. எதை விட்டா திரும்ப கிடைக்காதுன்னு பாரு. ஹார்ட் பவுண்ட் லேட்டானா ஃபைன் கட்டலாம், இல்லன்னா திட்டு வாங்கலாம். நோ டியூஸ் லேட்டானா இன்னொரு தடவை ஊர்ல இருந்து வந்து அலையணும், கஷ்டம்தான், ஆனா முடியும். மாடல் போனா போனதுதான். மெயில்ல இருக்கிற டிரைவும் அப்படித்தான். அதனால இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டியது அந்த ரெண்டும்.

மாடலை விட மாடல் போட்டோதான் உன் போர்ட்ஃபோலியோல பத்து வருஷம் பேசும், அதை அவசரத்துல ட்யூப்லைட்டுக்கு அடியில மேல இருந்து நாலு கிளிக் பண்ணிட்டு வந்துடாத. என் ஆபீஸுக்கு வர்ற போர்ட்ஃபோலியோல பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கு, பின்னாடி டஸ்ட்பின்னும் யாரோட காலோ தெரியும், உள்ள இருக்கிற நல்ல டிசைன் கண்ணுக்கே படாது. காலைல சீக்கிரம், வெயில் நேரா விழாத ஜன்னல் பக்கம் மாடலை வை, வடக்கு ஜன்னல் இருந்தா ரொம்ப நல்லது. பின்னாடி கருப்புத் துணி இல்ல கருப்பு சார்ட், மடிப்பு தெரியாம. ஃபிளாஷ் போடாத. 1:100ல ஒரு ஆள் உயரம் ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர் கூட வராது, லென்ஸ் அந்த உயரத்துல இருந்தாதான் ஷெட்டுக்குள்ள நடந்து போற மாதிரி படம் வரும். போனை தலைகீழா திருப்பி பிடி, கேமரா கீழ வந்துடும், பேஸ் மேலயே உக்காரும். கிட்ட போய் வைட் லென்ஸ்ல எடுத்தா தூண் எல்லாம் வளைஞ்சு தெரியும், கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம் பண்ணு. கூரையை தூக்கிட்டு ஒரு செட்டு, கூரையோட ஒரு செட்டு, அப்புறம் கூரையை பாதி தூக்கி ஃப்ரெண்டை பிடிக்க சொல்லி ஒண்ணு. உன்னோடது வேலை செய்ற இடம், வெளிச்சம் எங்கிருந்து விழுதுங்கிறதுதான் டிசைனே. அதனால ஒரு டேபிள் லைட்டை கிழக்குல இருந்து மேற்கா நகத்தி நகத்தி எடு, பீடி சுத்திக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க மடியில வெளிச்சம் எப்ப விழுதுன்னு அதுல தெரியும்.

அப்பா சொல்றதுல பாதி சரி. முழு மாடலும் வேண்டாம், ஆனா ஒண்ணுமே இல்லாம வராத. ரயில்ல பெட்டி சாமானுக்கு அளவு 100க்கு 60க்கு 25 சென்டிமீட்டர். உன் பேஸ் 122க்கு 91. நடுவுல அறுத்தா 61க்கு 91, சுத்தி இருக்கிற வெறும் மார்ஜினை சீவினா 60க்குள்ள வந்துடும். காலேஜ் வொர்க்‌ஷாப்ல ஜிக்‌சா இருக்கும், லேப் அண்ணாகிட்ட கேளு, நீயே கட்டர் வச்சு எம்டிஎஃப்போட மல்லுக்கட்டாத. ஷெட் இருக்கிற பாதியும் கூரையும் போதும், கூரையை கழட்டி தனியா பபுள் ஷீட்ல சுத்து. பொதிகைல நேரா தென்காசி இறங்கிடலாம்ல, சீட்டுக்கு அடியில படுக்க வச்சு தள்ளிடு.

பட்டர்பேப்பர்_பொண்ணு:

ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, அறுக்கலாம்ங்கிறது தோணவே இல்ல. இன்னொண்ணு, ஒரிஜினல் ஷீட் எல்லாம் டிபார்ட்மெண்டுக்கே குடுத்துடணும்னு சொல்றாங்க, முதல் வருஷத்து ஹேண்ட் ட்ராஃப்டிங் ஷீட் கூட திருப்பித் தரல. அது நம்மளோடது இல்லையா?

ஸ்டூடியோ_மேடம்:

நான் ஒரு காலேஜ்ல டிசைன் ஸ்டூடியோ எடுக்கிறேன் பா, இந்த சர்குலர் டைப் பண்ற ஆட்கள்ல நானும் ஒருத்தி, அதனால அந்தப் பக்கத்து விஷயத்தை சொல்றேன். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல (ஆர்க்கிடெக்ட்களை ரிஜிஸ்டர் பண்ற அமைப்பு) இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது ஒவ்வொரு வருஷத்து ஸ்டூடண்ட்ஸ் வொர்க்கும் பாப்பாங்க, அதுக்காகத்தான் நல்ல ஷீட்டையும் மாடலையும் எடுத்து வைக்கிறோம். அது நியாயம். ஆனா எதை வச்சிக்கிறோம், எவ்வளவு நாளைக்கு, எப்ப வந்து வாங்கிக்கலாம்னு அதே சர்குலர்ல எழுதணும், அதை எழுதாம விடுறது எங்க தப்பு. நீ ஹெச்ஓடிக்கு மரியாதையா ஒரு லெட்டர் எழுதி, ஸ்கேன் பண்ணிக்க ரெண்டு நாள் ஷீட்டை குடுங்கன்னு கேளு. பெரும்பாலும் குடுப்பாங்க. ஏ1 ஷீட்டை போன்ல எடுக்காத, பிளாட்டர் கடைல பெரிய ஸ்கேனர் இருக்கும், பென்சில் வொர்க்கை கலர் மோடுல ஸ்கேன் பண்ண சொல்லு, பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா லேசான கோடெல்லாம் காணாம போயிடும்.

நோ டியூஸை கடைசிக்கு தள்ளாத. உனக்கு தெரியாத ஒண்ணு, செமஸ்டர் முடிஞ்சா நாங்க பேப்பர் வேல்யுவேஷனுக்கு, வேற காலேஜ் வைவாவுக்கு எக்ஸ்டர்னலான்னு போயிடுவோம், லைப்ரரில ஸ்டாக் வெரிஃபிகேஷன்னு பாதி நாள் மூடியிருக்கும். ஃபார்ம்ல ஒரு கையெழுத்து மட்டும் மிச்சம் இருந்து ஊருக்கு போக முடியாம வராந்தால நிக்கிற பிள்ளைங்களை வருஷா வருஷம் பாக்குறேன். லைப்ரரி கையெழுத்தை முதல்ல வாங்கிடு. காஷன் டெபாசிட் திரும்ப வர உன் பேர்ல இருக்கிற அக்கவுண்ட் பாஸ்புக் காப்பி கேப்பாங்க, அப்பா பேர்ல இருந்தா இழுத்தடிக்கும்.

பேர் சரிபாக்குற சர்குலரை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல, எனக்கு அதுதான் கவலை. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, டென்த் மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கான்னு எழுத்து எழுத்தா பாரு. பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிவா இருக்கும், இங்க ஒரு எழுத்து இனிஷியலா இருக்கும், பின்னாடி வெளிநாட்டு அப்ளிகேஷன்ல அது பெரிய தலைவலி. தமிழ்லயும் பேர் கேட்டா ன, ண, ல, ள பாத்து எழுதிக் குடு. அச்சாயி வந்தப்புறம் திருத்தறதுக்கு நடக்கிற நடை இருக்கே, அது வேண்டாம்மா.

ஸ்டூடியோ காலி பண்றது பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். சில இடத்துல மிச்சத்தை எல்லாம் பின்னாடி குவிச்சு கொளுத்திடறாங்க. மாடல் செய்ற சன்போர்டு பிவிசி பிளாஸ்டிக், அது எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், பக்கத்துல நிக்கிற ஹவுஸ்கீப்பிங் அக்காதான் அதை சுவாசிக்கிறாங்க. அஞ்சு வருஷம் சஸ்டைனபிலிட்டி பாடம் நடத்திட்டு அதை செய்யவே கூடாது. கட்டிங் மேட், அக்ரிலிக் துண்டு, பால்சா, மிச்ச மவுண்ட் போர்டு எல்லாத்தையும் பிரிச்சு ஒரு பெட்டில போட்டு செகண்ட் இயர்கிட்ட குடுத்துட்டு போங்க. ஒரு ஃபுல் பால்சா ஷீட் வாங்க யோசிக்கிற பிள்ளைங்க எங்க கிளாஸ்லயே இருக்காங்க. சைட் மாடல் (கட்டடம் வர்ற இடத்தோட மாடல்) குரூப்பா பண்ணது, அதை யாரும் வெட்டி எடுத்துட்டு போகாதீங்க, அடுத்த பேட்ச்சுக்கு அதே சைட் வந்தா உதவும்.

கோரைப்புல்:

நான் ஆர்க்கி இல்ல, பி.டெஸ் டெக்ஸ்டைல். எங்களுக்கும் இதே கூத்துதான், மாடலுக்கு பதிலா ஸ்வாட்ச் புக்கும் ப்ரோட்டோடைப்பும். எந்த சர்குலர்லயும் வராத ஒரு விஷயம் இருக்கு, கிராஃப்ட் டாக்குமெண்டேஷனுக்கு போனப்ப நெய்றவங்ககிட்ட இருந்து வாங்கின சாம்பிள். நாங்க பத்தமடை பாய் பண்ணோம், அந்த மெல்லிசான கோரை சாம்பிள் எல்லாம் அவங்க பாட்டி காலத்துல இருந்து வச்சிருந்தது, டிஸ்ப்ளேக்குன்னு வாங்கிட்டு வந்தது. டிஸ்ப்ளே முடிஞ்ச கையோட க்ளாஸ் மொத்தமும் ஊருக்கு கிளம்பிடும், அது ஏதாவது அலமாரில கிடக்கும். யாரு வாங்கினாங்களோ அவங்களே திருப்பிக் குடுத்துட்டுதான் ஊருக்கு போகணும்னு நாங்க எங்களுக்குள்ள ஒரு பேப்பர் எழுதி ஸ்டூடியோ கதவுல ஒட்டினோம், கூடவே டாக்குமெண்டேஷன் புக் ஒரு காப்பி அவங்களுக்கும். அக்கா, நீங்களும் கடையநல்லூர்ல அந்த பீடி சுத்துறவங்க வீட்டுக்கெல்லாம் போய் அளவெடுத்து பேசித்தானே பண்ணிருப்பீங்க? அந்த அறுத்த பாதி மாடலை ஒரு நாள் அவங்களுக்கு காட்டுங்க ப்ளீஸ், ஜூரிய விட அவங்க கேக்குற கேள்விதான் சரியா இருக்கும்.

ஸ்டுட்கார்ட்_தமிழன்:

மெயில் ஐடி பத்தி யாரும் விரிவா சொல்லல. கூகுள் 2022ல இருந்து காலேஜுக்கெல்லாம் அடிப்படையா 100 டிபி ஸ்டோரேஜ்னு வரம்பு போட்டுட்டாங்க, மொத்த காலேஜுக்கும் சேத்து, அதனால பாஸ் அவுட் ஆனவங்க அக்கவுண்டை முதல்ல தூக்கிடுவாங்க. டேக்அவுட் (கூகுள்ல இருக்கிற நம்ம டேட்டாவை மொத்தமா இறக்குற வசதி) போட்டு ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி இறக்கிக்கோங்க, குரூப் வொர்க் ஃபைல் வேற ஒருத்தர் அக்கவுண்ட்ல இருந்தா அவங்க ஐடி போறப்ப அதுவும் போயிடும், அதை தனியா காப்பி எடுக்கணும். ஆட்டோடெஸ்க் ஸ்டூடண்ட் லைசன்ஸ் ஒவ்வொரு வருஷமா புதுப்பிக்கிறது, படிப்பு முடிஞ்சா புதுப்பிக்க முடியாது. ரெவிட் (ஆட்டோடெஸ்க்கோட பில்டிங் டிசைன் சாஃப்ட்வேர்) ஃபைலை பழைய வெர்ஷன்ல திறக்கவும் முடியாது, சேர்ற ஆபீஸ்ல எந்த வெர்ஷன் இருக்கும்னு யாருக்கு தெரியும். லைசன்ஸ் இருக்கும்போதே டிடபிள்யூஜி, பிடிஎஃப், ஐஎஃப்சி மூணுலயும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிடுங்க.

மாஸ்டர்ஸ் எண்ணம் கொஞ்சமாவது இருந்தா ட்ரான்ஸ்கிரிப்ட் சென்னைல இருக்கும்போதே அப்ளை பண்ணிடுங்க, ஊர்ல இருந்து அதை வாங்குறது ரொம்ப இழுக்கும். ஜெர்மனின்னா 2022 நவம்பர்ல இருந்து இந்தியால படிச்சவங்களுக்கு ஏபிஎஸ் சர்ட்டிஃபிகேட் (நம்ம படிப்பு சர்ட்டிஃபிகேட்டை சரிபாத்து ஜெர்மன் தரப்புல குடுக்கிறது) கட்டாயம், அதுக்கு மார்க் ஷீட் எல்லாம் கைல இருக்கணும்.

நார்த்லைட்_கோவை:

மேடம் சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு, எக்ஸிபிஷன் பேனல் பத்தி. நிறைய பேர் ஆசையா பேருக்கு முன்னாடி ஆர்க்கிடெக்ட்னு போட்டு பேனலும் விசிட்டிங் கார்டும் அடிச்சிடறாங்க. ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் 1972, செக்‌ஷன் 37, கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணாம அந்தப் பட்டத்தை பேரோட போட்டுக்கக் கூடாது. 2020ல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொன்னது, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாதவங்க அந்தப் பேரை போட்டுக்கறதைத்தான் சட்டம் தடுக்குது, அந்த வேலையை செய்றதை இல்லன்னு. ப்ராவிஷனல் சர்ட்டிஃபிகேட் வந்ததும் ரிஜிஸ்ட்ரேஷன் அப்ளை பண்ணு, அதுவரைக்கும் வெறும் பேர் போதும். ட்ரெயினிங் சர்ட்டிஃபிகேட் ஒரிஜினல், அந்த ஆர்க்கிடெக்ட்டோட கவுன்சில் நம்பரோட இருக்கான்னு பாத்து மார்க் ஷீட் ஃபைல்லயே வை.

பட்டர்பேப்பர்_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி, நிஜமா தலை கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. டேக்அவுட் இப்பவே போட்டுட்டேன், ஓடிட்டு இருக்கு. நாளைக்கு லைப்ரரி திறந்ததும் கையெழுத்து, அப்புறம் ஆபீஸ்ல பேர். கோரைப்புல், அந்த அக்காங்களுக்கு காட்டறேன், அதுல ஒருத்தங்க ஜன்னல் எவ்வளவு உயரத்துல இருந்தா தூசி மேல படாதுன்னு கை வச்சு காட்டினதை வச்சுதான் அந்த செக்‌ஷன், அதாவது குறுக்குவெட்டு ட்ராயிங்கே வரைஞ்சேன். மேடம், ஷீட் கேக்குற லெட்டரை எங்க க்ளாஸ் முழுக்க சேந்து ஒரே லெட்டரா குடுக்கலாமா, இல்ல தனித்தனியா குடுத்தா நல்லதா?

ஸ்டூடியோ_மேடம்:

ஒரே லெட்டரா, க்ளாஸ் ரெப் கையெழுத்தோட, எந்தெந்த செமஸ்டர் ஷீட்னு லிஸ்ட் இணைச்சு குடுங்க. ஸ்கேன் பண்ண எடுத்துட்டு போற ஷீட்டுக்கெல்லாம் ஒரு ரிஜிஸ்டர் போட்டு கையெழுத்து வாங்கிட்டு குடுக்க ஹெச்ஓடிக்கும் வசதி. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க, அதுக்கப்புறம் வேல்யுவேஷனுக்கு கிளம்பிடுவாங்க.