எல்லா அறிவும் பயன் தருமா?

அபூ ஸைனப்:
"என் இறைவா, எனக்கு அறிவை அதிகமாக்கு" என்று கேட்கும்படி நபி (ஸல்) அவர்களுக்கே குர்ஆன் (20:114) சொல்கிறது. இன்ன அறிவு என்று அங்கே வரம்பு இல்லை. அப்புறம் நாம் ஏன் வேலி போட வேண்டும்? அறிவு எதுவானாலும் நல்லதுதான், கெடுப்பவன் மனிதன்.

உம்மு ஹானி:
அதே நபி (ஸல்) அவர்கள்தான் "பயன் தராத அறிவை விட்டும் உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன்" என்று துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் இன்னும் வெளிப்படை. பாபிலில் ஹாரூத், மாரூத் என்ற வானவர்களிடம் சிலர் கணவன் மனைவியைப் பிரிக்கும் சூனியத்தைக் கற்றார்கள், தங்களுக்குத் தீங்கு தருவதையே கற்றார்கள் என்கிறது.

அபூ ஸைனப்:
அந்த துஆவை முழுதாகப் பாருங்கள் சகோதரி. அடுத்து வருபவை பணிவில்லாத உள்ளம், நிறைவடையாத மனம், ஏற்கப்படாத துஆ. எல்லாமே மனிதனின் குறைகள். அமல் (செயல்) இல்லாதவனிடம் இருக்கும் அறிவைத்தான் அது சொல்கிறது என்பேன். நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) என்ன சொன்னார்? "மக்கள் நன்மையைப் பற்றிக் கேட்பார்கள். நான் தீமையைப் பற்றிக் கேட்பேன், அது என்னை அடைந்துவிடுமோ என்ற பயத்தில்." புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. தீமையை அறிவதும் பயன்தான்.

உம்மு ஹானி:
ஹுதைஃபா கேட்டது தப்பிக்க. பாபிலில் கற்றது செய்வதற்கு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலின் முதல் பகுதியிலேயே இதைப் பேசுகிறார். உங்கள் வாதத்தில் பாதி அவருடையதும்தான்: அறிவு என்பதற்காகவே எந்த அறிவும் பழிக்கப்படாது. ஆனால் கற்றவனுக்கோ பிறருக்கோ கேடு தந்தால், அல்லது தன் சக்திக்கு மீறியதில் ஒருவன் இறங்கினால், அவனைப் பொறுத்தவரை அது பழிக்கத்தக்கது. கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிடுவதை அவர் தடுக்கவில்லை, நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வதைத்தான் கண்டிக்கிறார்.

அபூ ஸைனப்:
கோடு ஏட்டில் தெளிவாகத்தான் இருக்கும். நடப்பில்? 1577இல் இஸ்தான்புல்லில் வானியலாளர் தகியுத்தீன் அமைத்த வானாய்வுக்கூடம் 1580இல் உஸ்மானிய சுல்தான் ஆணையால் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்களில் அரசின் தலைமை மார்க்க அறிஞரான ஷைகுல் இஸ்லாமும் ஒருவர். அரண்மனை அரசியலும் இருந்திருக்கும், சரி. ஆனால் வாதம் மார்க்கத்தின் பெயரில்தான் வைக்கப்பட்டது.

உம்மு ஹானி:
இடித்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் 1577 வால்மீனைப் பார்த்துச் சுல்தானுக்கு நற்பலன் சொன்னவரும் அதே தகியுத்தீன்தான். பிரிக்க வேண்டியதைப் பிரிக்காததன் விலை அது. அவருக்கு இரண்டு நூற்றாண்டு முன்பு டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்தவர் இப்னு அஷ்ஷாதிர். எவ்வளவு பெரிய வானியலாளர்! அவரைப் பள்ளிவாசலே வைத்திருந்தது.

தேடுபவன்:
இருவரும் தடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கஸ்ஸாலியின் பெரிய ஆதங்கம் வேறு. மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா (சமூகக் கடமை), ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் எல்லார் மீதும் குற்றம். அப்படியிருந்தும் பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, எல்லாரும் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) சர்ச்சைக்கே ஓடுகிறார்கள், பதவியும் செல்வாக்கும் அங்கே கிடைப்பதால் என்று சாடுகிறார். ஃபிக்ஹே தவறான நோக்கத்தோடு தேடினால் கேள்விக்குள்ளாகிறது என்றால், பாடத்தின் பெயரை வைத்து மட்டும் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

அபூ ஸைனப்:
நான் சொல்வதும் அதுதானே! சூனியத்தை விடுங்கள், வசனமே பேசிவிட்டது. அதற்கு மேல் பட்டியல் போடும் அதிகாரத்தை யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

உம்மு ஹானி:
பட்டியல் வேண்டாம். எதைக் கற்கும் முன்பும் இது யாருக்குக் கேடு என்று கேட்கும் கடமையையாவது ஒப்புக்கொள்வீர்களா?