கதிருக்குத் தலை வலித்த இரவு

குழு: நம் வீட்டு உறவுகள்

(செல்வியின் கணவர் கதிருக்கு நான்கு மாதத்துக்கு முன் முதுகுத் தண்டில் அடிபட்டது. செல்வியின் பெரியம்மா மகன் முத்துவுக்கும் முன்பு அதே மாதிரி அடிபட்டிருக்கிறது.)

[இரவு 10:41] செல்வி: முத்து அண்ணா, விழித்திருக்கிறீர்களா? இவருக்குத் தலை பிளக்கிற மாதிரி வலிக்கிறதாம். முகம், கழுத்து எல்லாம் சிவந்து வியர்வை கொட்டுகிறது. நெஞ்சுக்குக் கீழே ஒரு சொட்டு வியர்வை இல்லை. பயமாக இருக்கிறது.

[இரவு 10:41] செல்வி: பிரஷர் மெஷின் 178/104 காட்டுகிறது. மேல் அளவு எப்போதும் 100தான் இருக்கும்.

[இரவு 10:42] பெரியம்மா: அய்யோ. ஃபேன் போட்டு, நெற்றியில் ஈரத் துணி போட்டுப் படுக்க வை தாயி.

[இரவு 10:42] முத்து அண்ணன்: படுக்க வைக்காதே! செல்வி, முதலில் மாப்பிள்ளையை நிமிர்த்தி உட்கார வை. கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடு. சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்.

[இரவு 10:43] முத்து அண்ணன்: கைலி முடிச்சு, இடுப்பு பெல்ட், யூரின் பேக் கட்டியிருக்கிற பட்டை எல்லாவற்றையும் தளர்த்து. அப்புறம் யூரின் டியூப்பை அது உள்ளே போகிற இடத்திலிருந்து பை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வா. எங்காவது மடங்கியிருக்கிறதா? பையில் எவ்வளவு இருக்கிறது?

[இரவு 10:45] செல்வி: பையில் ஒன்றுமே இல்லை அண்ணா. எட்டு மணிக்குக் காலி செய்தேன். அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

[இரவு 10:45] முத்து அண்ணன்: அதுதான். தொடைக்குக் கீழே பார்.

[இரவு 10:47] செல்வி: தொடைக்கு அடியில் மாட்டி மடங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டேன். இப்போது இறங்குகிறது. நிறைய இறங்குகிறது.

[இரவு 10:47] முத்து அண்ணன்: பையைக் கீழேயே வைத்திரு, தூக்காதே. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்து இங்கேயே போடு. குறையவில்லை என்றால் 108ஐக் கூப்பிட வேண்டும். கணேசன் மாமா, நீங்கள் பக்கத்துத் தெருதானே, கொஞ்சம் போக முடியுமா?

[இரவு 10:48] கணேசன் மாமா: கிளம்பிவிட்டேன்.

[இரவு 10:51] செல்வி: 146/90. தலைவலி கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்.

[இரவு 10:58] செல்வி: 116/72. பை பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. மாமா வந்துவிட்டார். இவருக்கு வியர்வை நின்றுவிட்டது அண்ணா.

[இரவு 10:59] முத்து அண்ணன்: நல்லது. இன்னும் இரண்டு மணி நேரமாவது விட்டு விட்டுப் பிரஷர் பார். நீ ஒரு வாய் தண்ணீர் குடி.

[இரவு 11:20] பெரியம்மா: முத்து, அது என்னப்பா? ஒரு டியூப் மடங்கியதற்கா இவ்வளவு?

[இரவு 11:34] முத்து அண்ணன்: ஆமாம் அம்மா. அதன் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. தண்டுவடத்தில் டி6, அதாவது நெஞ்சுப் பகுதியில் மேலிருந்து ஆறாவது இடத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வரும். மாப்பிள்ளைக்கு டி4. மூத்திரப்பை நிரம்பி முட்டுகிறது, ஆனால் அந்தச் சேதி மூளைக்குப் போகாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற நரம்புகள் தாமாகவே பதறி ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், பிரஷர் ஏறிவிடும். மூளை அதை அடக்கப் பார்க்கும், அந்த உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. அதனால்தான் மேலே மட்டும் வியர்வை, சிவப்பு. விட்டால் மூளையில் ரத்தக் கசிவு, வலிப்பு வரைக்கும் போகும். பெரும்பாலும் காரணம் மூத்திரப்பைதான். அடுத்தது மலச்சிக்கல். படுக்கைப் புண், இறுக்கமான துணி, சதைக்குள் வளர்ந்த கால் நகம்கூடக் காரணமாகலாம்.

எனக்கு டி10, அதனால் எனக்கு இது வராது. பிற்பாடு இந்த உடம்போடு வாழப் பயிற்சிக்குப் போயிருந்தபோது பக்கத்துக் கட்டில் பையனுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதுதான் கை கொடுத்தது.

[இரவு 11:36] செல்வி: அங்கே டிஸ்சார்ஜ் செய்யும்போது இதில் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை அண்ணா. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, முதுகில் கம்பி வைத்தாயிற்று, பிசியோ செய்யுங்கள், அவ்வளவுதான். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

[இரவு 11:40] முத்து அண்ணன்: எனக்கும் அப்படித்தான் நடந்தது. 2011இல் தென்னையிலிருந்து விழுந்தபோது முதுகெலும்பைச் சரிசெய்தார்கள். அந்த உடம்போடு எப்படி வாழ்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீ தூங்கு. காலையில் விரிவாக எழுதுகிறேன்.

[காலை 6:15] கணேசன் மாமா: மாப்பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறார். நான் இரவு இங்கேயே இருந்துவிட்டேன். முத்து, ஒரு விஷயம். ராத்திரி மூன்று மணிக்கு அவர் கால் இரண்டும் தானாகத் துள்ளியது. என் கண்ணால் பார்த்தேன். உயிர் திரும்புகிறது என்றுதானே அர்த்தம்? எண்ணெய் போட்டு உருவிவிடுகிற வைத்தியர் ஒருவரை எனக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தால் நாளைக்கே எழுந்து நிற்பார் என்கிறார்.

[காலை 6:50] முத்து அண்ணன்: மாமா, நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருந்ததற்கே எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். கால் துள்ளுவது ஸ்பாஸம். மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் கீழ்த் தண்டுவடம் தானாக இழுக்கிறது. எனக்கும் முதல் வருடம் துள்ளியது, அம்மா தெருவுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். திடீரென்று அதிகமானால் சிறுநீரில் கிருமி இருக்கலாம், எங்கோ புண் ஆரம்பிக்கலாம். அதைக் காட்டிக் கொடுக்கிற சைகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உருவுவதும் வேண்டாம். அசையாத காலில் ரத்தம் உறைந்து கிடக்கலாம், உருவினால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடலாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் எண்ணெயைத் தொடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். போகப் போக அந்தக் கால்களில் எலும்பும் மெலிந்துவிடும், முரட்டுத்தனமாக மடக்கினாலே முறியும். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம் மாமா. சூடு அவருக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகு நமக்குத்தான் தெரியும்.

[காலை 6:58] கணேசன் மாமா: அப்போ அவர் நடக்கவே மாட்டாரா?

[காலை 7:10] முத்து அண்ணன்: நான்கு மாதம் ஆகிவிட்டது, முழு அடி, அதாவது அடிபட்ட இடத்தைத் தாண்டி எந்தச் சேதியும் போகாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், நெஞ்சுக்குக் கீழே உணர்வு எதுவும் வரவில்லை. நடப்பது கஷ்டம் மாமா. அதற்காகக் காத்திருக்கிற நாட்களில் அவரைப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பலி கொடுத்துவிடக் கூடாது. எங்களைப் போன்றவர்களைக் கொண்டுபோவது முதுகில் பட்ட அடி இல்லை. பின்னால் வருகிற கிருமியும் புண்ணும்தான்.

[காலை 7:31] முத்து அண்ணன்: செல்வி, உனக்குத்தான். தினமும் இரவு மாப்பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக் கீழ் எலும்பு, புட்டம், இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால் பார். சிவப்பாக இருந்தால் விரலால் அழுத்தி எடு. அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது, சிவப்பு போகிற வரைக்கும் அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பு.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று தொங்குமே, பார்த்திருப்பீர்கள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் பார்க்க முடியாத என் முதுகை அதில்தான் பார்க்கிறேன்.

[காலை 7:33] பெரியம்மா: நான் அதைச் சவரம் செய்ய வைத்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன் ராசா.

[காலை 7:40] முத்து அண்ணன்: அம்மா, நீங்களே மறந்துவிட்டீர்கள். 2013இல் ஐந்து மாதம் குப்புறப் படுத்தே கிடந்தேனே, அதற்கப்புறம் வாங்கியது. பேன்ட் பின் பையில் வண்டிச் சாவி இருந்தது தெரியாமல் ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்தேன். இறங்கியபோது சாவியின் அச்சு தோலில் பதிந்திருந்தது. மூன்றாம் நாள் கறுத்துவிட்டது. பிறகு எலும்பு தெரிந்தது.

[காலை 7:44] கணேசன் மாமா: 2013 என்றால் எந்தப் பயணம் முத்து?

[காலை 7:46] முத்து அண்ணன்: உங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தது மாமா. உங்கள் மனசு கஷ்டப்படும் என்று அப்போது சொல்லவில்லை.

[காலை 8:20] கணேசன் மாமா: வைத்தியரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

[காலை 9:05] செல்வி: அண்ணா, டியூப் நிரந்தரமாக இருக்க வேண்டுமா? வாசனை வருகிறது. இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்துவிட்டது.

[காலை 9:22] முத்து அண்ணன்: அவருக்குக் கை நன்றாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே டியூப் விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு டியூபை எடுத்துவிடுகிற முறைக்கு மாறலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. நோட்டில் அளவு எழுதி வைக்கப் பழகட்டும். கிருமி குறையும், சிறுநீரகம் தப்பிக்கும். மலம் கழிப்பதையும் ஒரே நேரத்துக்குப் பழக்கு. காலையில் டீயும் ஏதாவது டிபனும் கொடுத்து அரை மணி நேரம் கழித்து. சாப்பிட்டதும் குடல் தானே அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் நான் எழுதிப் புரியாது. மறுவாழ்வு மையத்தில் சில வாரம் தங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும்.

[காலை 9:25] பெரியம்மா: மறுவாழ்வு மையம் என்றால் குடிகாரர்களைச் சேர்க்கிற இடம் இல்லையா?

[காலை 9:38] முத்து அண்ணன்: அது வேறு அம்மா. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற, உடுத்த, குளிக்க, டாய்லெட் போகச் சொல்லித் தருகிற இடம் இது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981இல் அதைத் தொடங்கினார், 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் பாகாயத்தில் தனி மையம் உண்டு. அதற்கு மேரி வர்கீஸ் பெயர். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர். 1966இல் அந்த மையத்தை உண்டாக்கினார். சென்னை கே.கே.நகரில் இதற்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. நமக்கு ஆய்க்குடி பக்கம். இன்றைக்கே போன் செய்து விசாரிக்கிறேன்.

[காலை 10:12] கதிர்: மச்சான், ராத்திரியிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

[காலை 10:12] முத்து அண்ணன்: சொல்லுங்கள் மாப்பிள்ளை.

[காலை 10:19] கதிர்: நான்கு மாதமாக எல்லோரும் செல்வியிடம்தான் பேசுகிறீர்கள். எனக்குத் தலையும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. யூரின் அளவை நானே எழுதுகிறேன். முதுகையும் நானே பார்க்கிறேன், அந்தக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். இவள் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து என்னைத் திருப்புகிறாள், பகலில் சமைக்கும்போது நின்றுகொண்டே தூங்குகிறாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஆய்க்குடி போகிறேன். அப்புறம் கடைக்கும் போக வேண்டும். செல்போன் சர்வீஸ் வேலைக்குக் கால் எதற்கு?

[காலை 10:21] செல்வி: ❤️

[காலை 10:26] முத்து அண்ணன்: கண்ணாடி என்னிடம் இன்னொன்று இருக்கிறது, மதியம் கொடுத்துவிடுகிறேன். வீல்சேரில் உட்காரும் நாளிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருங்கள். கடையில் வேலை மும்முரத்தில் மறந்துவிடும், போனில் அலாரம் வையுங்கள். பின் பையில் எதுவும் வேண்டாம்.

[காலை 10:40] கணேசன் மாமா: கடை வாசலில் படி இருக்கிறதே மாப்பிள்ளை. சரிவு கட்ட வேண்டாமா? கொத்தனாரிடம் என்ன சொல்வது?

[காலை 10:44] முத்து அண்ணன்: ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும் மாமா. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளி ஏற முடியாது, பின்னால் கவிழும்.

[காலை 11:32] கணேசன் மாமா: டேப் வைத்து அளந்துவிட்டேன். இரண்டு படியும் சேர்த்து 14 அங்குலம்.

[காலை 11:33] முத்து அண்ணன்: அப்போ 14 அடி.

[காலை 11:35] கணேசன் மாமா: வாசலிலிருந்து சாக்கடை வரைக்கும் 9 அடிதான் இருக்கிறது.

[காலை 11:36] கதிர்: பாதியில் திருப்பி, பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டலாம் மாமா. திருப்பத்தில் வீல்சேர் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை விடச் சொல்லுங்கள். படம் வரைந்து அனுப்புகிறேன்.