கெய்கி: குட்டிச்செடியா, கணுக்கன்றா?

ஆர்க்கிட் வளர்ப்புக் கையேட்டில் ‘கெய்கி’க்குக் ‘குட்டிச்செடி’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா, ஐயா?

---

> குட்டிச்செடி

பொருந்தாது. குடுவையில் விதை முளைத்த நாற்றும் குட்டிச்செடிதானே? கெய்கி விதையில் வருவதல்ல. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையின் பூந்தண்டின் கணுவில், செதிலுக்குள் உறங்கும் மொட்டு பூங்கிளையாக நீளாமல் இலையும் வேரும் விட்டுத் தனிச்செடி ஆவது. தாய் பூத்த அதே பூவைத்தான் இதுவும் பூக்கும்.

ஹவாய் மொழியில் கெய்கி என்றால் குழந்தை. நம்மிடம் பிள்ளை, கன்று இரண்டும் இருக்கின்றன. ஓரறிவுயிரான செடிகொடிக்கு இரண்டுமே ஆகும் என்கிறது தொல்காப்பிய மரபியல். பிள்ளை தென்னையோடு ஒட்டிக்கொண்டது, அதுவும் விதையில் வருவது. மாங்கன்றும் கொட்டையில் வருவதுதான் என்பீர்கள். ஆனால் வாழைக்கன்று இருக்கிறதே, தாயின் கிழங்கிலிருந்தே கிளைப்பது! இது அந்தரத்தில், கணுவில் கிளைக்கிறது. ஆகவே ‘கணுக்கன்று’.

---

‘பூந்தண்டுக்கன்று’ இன்னும் தெளிவாக இல்லையா?

---

டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையை விட்டுவிட்டீர்களே. அதில் கரும்பு மாதிரியான தண்டின் கணுவிலேயே கன்று வரும். நோபிலே வகைக்குக் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து உரத்தை நிறுத்தாவிட்டால், பூக்க வேண்டிய கணுக்களில் கன்றுதான் கிளம்பும். கணு இரண்டுக்கும் பொது.

குருத்து அழுகிய ஃபெலனாப்சிஸ் சில சமயம் அடித்தண்டில் கன்று விடும். அது ‘அடிக்கன்று’. தாயின் தண்டோடே இணைந்திருப்பதால் பெரும்பாலும் பிரிக்காமல் விடுவதே நல்லது. செய்முறை வேறாகும்போது சொல்லும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

“கணுக்கன்றில் இரண்டு மூன்று இலையும், 5 செ.மீ. நீளத்தில் இரண்டு வேராவது வந்தபின் பிரிக்கவும். கன்றுக்கு இருபுறமும் 2 செ.மீ. பூந்தண்டு விட்டு, தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டவும். வெட்டுவாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள். வேரில் பட்டால் வேர் காயும். வேரை 15 நிமிடம் நீரில் ஊறவிட்டால் ஒடியாமல் வளையும். 7–8 செ.மீ. தொட்டியில் ஸ்பேக்னம் பாசியைத் தளர்வாகச் சுற்றி நடவும். அமுக்கித் திணித்தால் காற்றில்லாமல் வேர் அழுகும்.”

எனக்கு எங்கும் இடறவில்லை.

---

‘கெய்கி பேஸ்ட்’? கணுக்கன்றுப் பசையா?

---

பசை என்றால் கன்றை ஒட்டவைக்கும் கோந்து என்று நினைப்பார்கள். சைட்டோகைனின் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கி கலந்த களிம்பு அது. ‘கன்றூக்கிக் களிம்பு’ எனலாம். பச்சையாக இருக்கும் தண்டில், செதிலைப் பிளேடால் கீறி உரித்து, மொட்டின்மேல் குண்டூசித் தலையளவு தடவினால் போதும். கூடிப்போனால் ஒரே கணுவில் மூன்று நான்கு முளை கோணல்மாணலாகக் கிளம்பி, ஒன்றும் தேறாது.

---

கணுக்கன்று, அடிக்கன்று, கன்றூக்கிக் களிம்பு மூன்றையும் ஏற்றிவிட்டேன். சொல்லடைவில் கெய்கியும் ஒரு வரி இருக்கட்டும். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் களிம்பை எடுத்துத் தருவார்கள்.