இடது ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு: காயிலா (உள்ளே அசையும் கம்பிச்சுருள்), கூம்பா?

வணக்கம். பாம்பனில் வீடு, கடல் கூப்பிடு தூரம். இரண்டு மாதமாக ரஷ்ய இசையமைப்பாளர் கலினா உஸ்த்வோல்ஸ்கயாவின் (1919–2006) இசை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1988-இல் அவர் எழுதிய ஆறாவது பியானோ சொனாட்டாவுக்கு விரல்கள் போதாது. கையைப் பரப்பிக் கட்டைகளைக் கொத்துக் கொத்தாக அறைய வேண்டும். புயலில் தகரக் கூரைக்கடியில் நிற்பதுபோல் நெஞ்சு அதிர்கிறது. முடிவுக்குச் சற்று முன் வரும் மெல்லிய சில ஒலிகளுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அந்த அறைதல்களில்தான் சிக்கல். மூன்று வாரமாக இடது ஸ்பீக்கர், ஈர மணலைத் தகரத்தில் தேய்ப்பதுபோல் கரகரக்கிறது. மெல்லிய இடங்களில் சத்தமில்லை. முதலில் இசையே அப்படித்தான் என்று நினைத்தேன். ஹெட்போனில் சுத்தமாகக் கேட்கிறது.

நான்கு வருடப் பழைய, எட்டு அங்குல ஜோடி, எட்டு ஓம். வயர்களை இடம் வலமாக மாற்றினேன், கரகரப்பு அதே பெட்டியில்தான். முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். வேறு ஆம்ப்ளிஃபயரிலும் அப்படியே. கூம்பை, அதாவது முன்னால் அதிரும் பகுதியை, விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே ஏதோ உரசுகிறது. கிழிசல் இல்லை. உள்ளூர்க் கடையில் புது ஜோடி வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

உப்புக்காற்றில் காந்த இடுக்கு துருப்பிடித்து, அதற்குள் அசையும் காயில் உரசும் ஸ்பீக்கரை, ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் பிரித்துச் சரிசெய்து தருபவர் யாராவது இருக்கிறார்களா?